கடன் வாங்கிய விசை: கடும் இமைத்தொய்வு அறுவை முறைகளின் வரலாறு

பிறவியிலேயே மேலிமை கண்மணியை மறைக்குமளவு தொய்ந்திருப்பது தோற்றக் குறை மட்டுமன்று. இளமையில் ஒளி தடைபடும் கண்ணைப் பயன்படுத்த மூளை பழகாமல் போவதால், அக்கண்ணின் பார்வை நிலையாக மங்கிவிடக்கூடும். எனவே இவ்வறுவையின் வரலாற்றை அழகியல் சிகிச்சையின் கிளைக்கதையாகக் கருதுவது பொருந்தாது.

இமை உயர்த்தும் தசையைக் குறுக்கும் முறையை இலண்டனில் போமன் 1857இல் இமையின் உட்புறம் வழியாகவும், ஜெர்மானியரான எவர்புஷ் 1883இல் தோல் வழியாகவும் கையாண்டனர். தசைக்கு ஓரளவேனும் ஆற்றல் இருந்தால் இது பயன்தரும். இமையின் அசைவு நான்கு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும் கடும் தொய்வில், வலுவற்ற தசையை எவ்வளவு குறுக்கினாலும் அதற்குப் புதிய வலு வந்துவிடாது. ஆகவே விசையை வேறோரிடத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதாயிற்று.

பிரான்சில் மொத்தே 1897இல் கண்ணை மேல்நோக்கித் திருப்பும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்தார். நோக்கம் நன்று, விளைவு அவ்வாறன்று. இரட்டைப் பார்வையும், உறக்கத்தில் விழி மேலேறிக் கருவிழியைக் காக்கும் இயல்பு குன்றுதலும் இம்முறையை வழக்கொழியச் செய்தன.

நெற்றித்தசையே நிலைத்த துணையாயிற்று. 1880இல் திரான்சார் தையல் நூல்களால் இமையை அதனோடு பிணைக்க முயன்றார். நோயாளியின் தொடையிலிருந்து எடுக்கும் தசையுறைப் பட்டையை இதற்குப் பயன்படுத்தும் வழியை 1909இல் பாயர் காட்டினார்; டொரன்டோவின் கிராஃபோர்டு 1956இல் வெளியிட்ட முறை அதனைப் பரவலாக்கியது. சொந்தத் திசு என்பதால் அது நீடித்து நிலைக்கும். ஆனால், போதிய நீளத்தில் பட்டை கிடைக்கக் குழந்தைக்கு மூன்று, நான்கு வயதாக வேண்டும். பார்வை அதுவரை காத்திராதபோது சிலிகான் இழை கைகொடுக்கிறது. 1966இல் டில்லெட் இருவர் அதனை விவரித்தனர். இழை பின்னர் நழுவலாம், தளரலாம். தேவையெனில் எளிதில் சீரமைக்கவும் இயலும்.

ஒரு கண்ணில் மட்டும் கடும் தொய்வு இருக்கும்போது எழும் வினாவே இவ்வரலாற்றின் கடினமான பகுதி. தொங்கவிட்ட இமை கீழ்நோக்கும்போது உடன் இறங்காமல் பின்தங்கும். மறுகண்ணோடு ஒப்பிட அவ்வேறுபாடு துலங்கித் தெரியும். 1965இல் அமெரிக்க மருத்துவர் பியர்டு முன்மொழிந்த தீர்வு துணிச்சலானது: நலமான இமையின் தசையையும் நீக்கி, இரு இமைகளையும் நெற்றியோடு பிணைப்பது. சமச்சீருக்காகக் குறையற்ற உறுப்பை ஊனப்படுத்துவதைப் பலர் ஏற்கத் தயங்கினர். அத்தயக்கம் நியாயமானதே. 1972இல் காலகன், நலமான தசையை வெட்டாமலே இருபுறமும் தொங்கவிடும் இடைவழியை முன்வைத்தார். அதிலும் குறையற்ற இமையில் கத்தி படவே செய்கிறது. பெற்றோர் தயங்குமிடமும் அதுவே.

ஒருபுற அறுவையே போதுமெனக் கொள்வோர் ஓர் உண்மையை எதிர்கொள்ள வேண்டும். தொய்ந்த கண்ணின் பார்வை மங்கியிருந்தால், நல்ல கண்ணாலேயே காணும் குழந்தை அப்பக்கப் புருவத்தை உயர்த்த முனைவதில்லை. அந்நிலையில் பட்டை சரியாகப் பொருத்தப்பட்டிருந்தும் இமை எழாது.