சக்கரத்திற் சுழன்ற விதைகள்

விதையை எப்பக்கமாக ஊன்றினும் வேர் கீழ்நோக்கியும் தண்டு மேல்நோக்கியுமே செல்லும். இதற்குக் காரணம் புவியீர்ப்பே என ஊகித்தல் எளிது, நிறுவுதல் அரிது. ஒரு காரணியின் விளைவை அறிய அதனை நீக்கிப் பார்த்தல் வேண்டும். புவியில் வாழும் மனிதன் ஈர்ப்பை எங்ஙனம் நீக்குவான்?

1806இல் இங்கிலாந்தின் தோமஸ் அன்ட்ரூ நைற், தம் தோட்டத்து நீரோடையால் இயங்கிய சக்கரமொன்றில் அவரை விதைகளைப் பொருத்தி, நிமிடத்திற்கு 150 தடவைக்கு மேலாகச் சுழலவிட்டார். வேர்கள் வெளிநோக்கியும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. ஈர்ப்பின் பணியை மையநீக்கவிசை ஏற்றுக்கொண்டது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், யேர்மனியத் தாவரவியலறிஞர் யூலியஸ் சாக்ஸ் மாறான வழியை நாடினார். கிடையான அச்சில் மிக மெதுவாகச் சுழலும் தாவரத்தின் ஒவ்வொரு பக்கமும் முறையே கீழ்நோக்குவதால், அது எத்திசைக்கும் வளைவதில்லை. இக்கருவியே கிளினோஸ்ரற் எனப்பட்டது. எனினும் அது ஈர்ப்பை நீக்கவில்லை. ஈர்ப்பின் திசையை மட்டுமே நிலையற்றதாக்கியது.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் கலங்களின் உள்ளே நோக்கியபோது புலனாயிற்று. கலத்தினுள் பாரமான மாப்பொருள் மணிகள் அடியிற் படிவதனாலேயே தாவரம் திசையுணர்கின்றது என்னும் கருத்தை 1900இல் ஹபர்லாந்தும் நெமெக்கும் தனித்தனியே வெளியிட்டனர். சுழலும் தாவரத்தில் அம்மணிகள் ஓரிடத்திற் படியாது அலைகின்றன. எடையின்மையிலோ அவை விழுவதற்குத் திசையே இல்லை. இரண்டும் ஒன்றாகுமா?

இவ்வினாவைத் தீர்க்கக் கருவியால் இயலவில்லை, விண்வெளி செல்லவேண்டியிருந்தது. 1967 செப்ரெம்பரில் ஏவப்பட்ட பயோசற்றலைற் 2 இல், கோதுமை நாற்றுகள் ஏறத்தாழ இரண்டு நாட்கள் புவியைச் சுற்றின. அவற்றின் வளர்ச்சி கிளினோஸ்ரற்றிற் சுழன்ற நாற்றுகளின் வளர்ச்சியைப் பெரிதும் ஒத்திருந்தது. சாக்ஸின் சக்கரம் பொய்யுரைக்கவில்லை.

ஆயினும் அது முழு உண்மையையும் உரைக்கவில்லை. 1982இல் சல்யூட் 7 நிலையத்தில் அரபிடொப்சிசுச் செடி பூத்து விதையீன்றபோதும், பூக்கள் பல மலடாயின. எடையின்மையிற் சூடான காற்று மேலெழுவதில்லை. ஆகவே செடியைச் சூழ்ந்த வாயுக்கள் தேங்குகின்றன. காற்றோட்டம் செம்மையாக்கப்பட்டபோது வளமான விதைகள் தோன்றுமென 1990களின் பரிசோதனைகள் காட்டின. புவியிற் சுழலும் எச்சக்கரமும் இத்தேக்கத்தை அறிவித்திருக்க இயலாது.

போலச் செய்தல் அறிவிற்கு வழிகாட்டும்; ஆயின் எதனைப் போலச் செய்தோம், எதனை விட்டுவிட்டோம் என்று கேளாதவனை அது ஏமாற்றவும் கூடும். விஞ்ஞான வரலாறு பயிலும் நமக்கு அச்சிறு சக்கரம் கற்பிக்கும் பாடம் இதுவே.