ரேடியேட்டர் தண்ணி எங்கே போகிறது?

பெர்த்தா பென்ஸ் அம்மாளுக்கு ஒழுகல் என்ற கவலையே இருந்திருக்காது. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனார். வழியில் வீஸ்லோக் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். மெக்கானிக்கான எனக்கு அவர் ஊற்றிய தண்ணீர்தான் முக்கியம். அந்த இன்ஜினில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதே சூட்டைத் தணிக்கும் வழி. ஆகவே, கிடைக்கிற இடத்தில் எல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைகிறதா? அப்படியானால் வண்டி சரியாக ஓடுகிறது.

தண்ணீர் குறைவதைக் குற்றமாக்கியவர் வில்ஹெல்ம் மேபாக். 1900 இறுதியில் அவர் முடித்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் காரில் தேனடை மாதிரி ஒரு ரேடியேட்டர் வைத்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070. குழாய்க்குள் காற்று போகும், குழாய்களின் இடுக்கில் தண்ணீர் ஓடும். பழைய ஏற்பாட்டுக்கு வேண்டியிருந்த தண்ணீரில் பாதி, வெறும் ஒன்பது லிட்டர், இதற்குப் போதுமானது. உலகம் அதைப் பெரிய சாதனை என்று கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் குழாய்க்கு இரண்டு முனை, முனைக்கு ஒரு பற்று என்று வைத்தாலே பதினாறாயிரத்துக்கு மேல் ஈயப்பற்று. ஒன்று விட்டாலும் ஒழுகும். ரேடியேட்டர் பட்டறை என்ற தொழில் அன்றைக்கே பிறந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

எங்கள் அப்பா அந்தத் தொழில்தான் செய்தார், சங்ககிரியில். லாரி ஊர். தொப்பூர் ஏற்றத்தில் கொதித்துத் திரும்பிய வண்டியெல்லாம் எங்கள் பட்டறை வாசலில் பானட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ரேடியேட்டர் என்றால் பித்தளைக் குழாய், செம்புத் தகடு, மேலும் கீழும் பித்தளை டேங்க். கழற்றியதும் அப்பா பழைய டியூப் ரப்பரை வெட்டி எல்லா வாயையும் அடைப்பார். ஒரு வாயில் மட்டும் வால்வைச் சொருகி, சைக்கிள் பம்பால் காற்று அடித்து, சிமெண்ட் தொட்டியில் முழுக முக்குவார். ஓட்டையிலிருந்து குமிழி நூல் பிடித்த மாதிரி வரிசையாக ஏறும். பெரிய குமிழியைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளமாட்டார். எங்கேயோ தகட்டு இடுக்கில் ஊசிமுனையளவு குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தட்டிவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். அதுதான் ஆள். வெளியே எடுத்து, துடைத்து, சாக்பீஸால் வட்டம் போடுவார். பிறகு பழைய டார்ச் செல்லின் துத்தநாகத் தகட்டை ஆசிட்டில் கரைத்த 'வெட்டின ஆசிட்' ஒரு சொட்டு, மண்ணெண்ணெய் புளோ லேம்ப், ஈயக்கம்பி. முடிந்தது.

முடியாத கேஸும் வரும். "அண்ணா, கீழ ஒரு சொட்டு இல்லீங்க. ஆனா வண்டி தண்ணி குடிக்குதுங்க" என்பார் டிரைவர். அப்பா வண்டியைச் சுற்றி வருவார். "சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காதுடா, மேல பாரு" என்பது எனக்கு அவர் சொன்ன முதல் பாடம். இரண்டாவது பாடம், காய்ந்த தடத்தைப் பார்ப்பது. எங்கள் பக்கத்துக் கிணற்று உப்புத்தண்ணீர் சூட்டில் ஆவியானாலும் இரும்பின் மேல் வெள்ளைக் கோடாகத் தன் உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். ரேடியேட்டரைக் கெடுத்ததும் அந்த உப்புதான், காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

பட்டறைக்கு வர நேரமில்லாத டிரைவர்கள் டீக்கடையில் ஒரு கை மஞ்சள்தூள் வாங்கி ரேடியேட்டரில் கொட்டிவிடுவார்கள். சிலர் முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். இதைச் சொன்னால் படித்த இன்ஜினீயர்கள் சிரிப்பார்கள். அவர்களிடம் நான் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி நாட்டிலஸின் கதையைச் சொல்வது வழக்கம். 1958இல் வடதுருவத்தின் பனிக்கட்டிக்கு அடியில் போகப் புறப்பட்ட கப்பல். அதன் கண்டென்சரில் எங்கோ கடல்தண்ணீர் கசிந்தது. எவ்வளவு தேடியும் இடம் பிடிபடவில்லை. கடைசியில் மாலுமிகளைச் சாதாரண உடையில் சியாட்டில் நகரத்துக் கடைகளுக்கு அனுப்பி, கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுகலடைப்பு மருந்தை டப்பா 1.80 டாலர் விலையில் 140 டப்பா வாங்கிவரச் சொன்னார் கேப்டன் ஆண்டர்சன். ஊற்றினார்கள், அடைத்துக்கொண்டது. ஆகஸ்ட் 3 அன்று கப்பல் துருவத்தைக் கடந்தது. எங்கள் டிரைவர்களிடம் அணு உலை இல்லை, மஞ்சள்தூள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். (இன்றைய கார்களில் தயவுசெய்து போடாதீர்கள். ஓட்டையை அடைக்கிற தூள் மெல்லிய குழாயையும் சேர்த்து அடைத்துவிடும்.)

குளிர்நாட்டுக்காரர்களுக்கு வேறு தலைவலி. தண்ணீர் உறைந்தால் விரிந்து இன்ஜின் பிளாக்கையே பிளக்கும். அதனால் ஆரம்பத்தில் ஆல்கஹால் கலந்தார்கள். ஆல்கஹால் சூட்டில் பறந்துவிடும். குறைந்தது ஆவியாலா ஒழுகலாலா என்று யாரால் சொல்ல முடியும்? 1927இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் கடைக்கு வந்தது. அதன் கொதிநிலை 197 டிகிரி, லேசில் பறக்காது. ஆக, மட்டம் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று முதல்முறையாக நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு: தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். தண்ணீரோடு பல வருஷம் சமாதானமாக இருந்த பழைய ஹோஸும் கேஸ்கெட்டும் கூலன்ட் ஊற்றியதும் கசிய ஆரம்பிப்பதை நானே எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன்.

இங்கே தண்ணீர் உறைவதில்லை. அம்பாசிடர், பத்மினி காலம் முழுக்கக் குழாய்த்தண்ணீரிலேயே ஓடியது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி கைமாறியது. அந்தத் தலைமுறைக் கார்களோடுதான் பச்சை நிறக் கூலன்ட் எங்கள் பட்டறைக்கு வந்தது. பின்னாலேயே அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும். அப்பாவின் ஈயம் அலுமினியத்தில் ஒட்டவில்லை. வெடித்த பிளாஸ்டிக்கைப் பற்ற வைக்கவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும். புளோ லேம்ப் பரணில் ஏறியது.

மூடியும் மாறியது. பிரஷர் மூடி சூட்டில் பதினைந்து பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் மர்ம ஒழுகல் என்ற வியாதியைக் கொண்டுவந்ததும் இந்த மூடிதான் என்பது என் கருத்து. வண்டி ஓடும்போது மட்டும் கசியும். கசிந்தது சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகும். வீட்டில் நிறுத்தி ஆறினால் ஒரு சொட்டு இருக்காது. கைப்பம்பை மூடி இடத்தில் மாட்டி, ஆறிய இன்ஜினில் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கிற பழக்கம் இதனால் வந்தது. முள் இறங்கியும் வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். புரோமோதைமால் என்ற நீலத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் பிடித்தால், இன்ஜின் புகையின் கரியமில வாயு தண்ணீருக்குள் வந்திருந்தால் மஞ்சளாகும்.

ஒழுகல் தேடுவதில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு கார் பிறப்பதற்கு முந்தையது. ஜெர்மனியில் இம்மென்டிங்கன் அருகே டான்யூப் ஆறு கோடையில் தரைக்குள் இறங்கிக் காணாமல் போகும். அந்தத் தண்ணீர்தான் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆக் ஊற்றில் வருகிறதா என்று இரு பக்கத்து ஆலைக்காரர்களுக்கும் சண்டை. 1877 அக்டோபரில் அடால்ஃப் க்னோப் என்ற பேராசிரியர் பத்து கிலோ சோடியம் ஃபுளோரசின் சாயத்தை ஆறு மறைகிற இடத்தில் கொட்டினார். ஏறக்குறைய அறுபது மணி நேரத்தில் ஊற்றுத்தண்ணீர் பச்சையாகப் பளபளத்தது. வேதியியலாளர் ஃபான் பேயர் அந்தச் சாயத்தைத் தயாரித்து ஆறே வருஷம்தான் ஆகியிருந்தது. பச்சைக் கூலன்ட்டில் கலக்கிற சாயம் பல சமயம் அதேதான். புற ஊதா டார்ச் அடித்தால் இருட்டில் ஒளிரும்.

ஈரோட்டு டாக்டர் ஒருவரின் கார் அப்படித்தான் என்னிடம் வந்தது. வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது. வெளியே தடம் இல்லை, பிரஷர் முள் மட்டும் மெல்ல இறங்கியது, நீலம் நீலமாகவே நின்றது. சாயம் ஊற்றி ஒரு வாரம் ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்ததும் ஷட்டரை இறக்கி, வாட்டர் பம்ப்பின் அடித்துளையிலிருந்து ஆரம்பித்து ஹோஸ் ஹோஸாக டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் ரூமே சுத்தம். முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினால் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. "அது ஏசி தண்ணிங்க, முன்னாடியே ஒருத்தர் பார்த்துட்டாரு" என்றார் டாக்டர். விரலில் தேய்த்துப் பார்த்தேன், ஏசி தண்ணீருக்கு இந்த வழுவழுப்பு வராது. டார்ச் பட்டதும் கார்ப்பெட் பச்சையாக எரிந்தது.

ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வராது; ஆனால் பெரும்பாலான வண்டியில் ஸ்விட்ச் போடாவிட்டாலும் தண்ணீர் அதற்குள் போய்வந்துகொண்டேதான் இருக்கும். மாற்றுவதென்றால் டேஷ்போர்டு முழுக்க இறங்க வேண்டும். கூலி எவ்வளவு என்று சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்ஜின் பக்கம் ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் கழற்றி, நடுவில் ஒரு பித்தளைக் குழாய் போட்டு ஒன்றோடொன்று இணைத்து, இரண்டு கிளிப் முடுக்கினேன். வேலை அரை மணி நேரம்கூட இல்லை.

"ஊட்டிக்குப் போறப்ப மட்டும் ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போயிருங்க டாக்டர்" என்றேன்.