இரு முழக் கைப்பிடி

மாசிக் கருவாட்டின் மணத்தோடு நம் இல்லங்களுக்கு அறிமுகமான நாடு மாலத்தீவு. அரபு நூல்களில் அதன் பெயர் ‘தீபத்துல் மஹல்’. மொராக்கோவில் பிறந்த இப்னு பதூதா 1343ஆம் ஆண்டில் அங்குக் கரையிறங்கினார். கதீஜா என்னும் பெண்ணரசி அப்போது ஆட்சி புரிந்ததாக எழுதுகிறார். பயணியாய்ச் சென்றவர் அங்கே காழியாகவும் அமர்ந்தார்.

தென்னை, மீன், கயிறு, சோழி ஆகியவற்றை விரித்துரைக்கும் அவரது பயண நூலில் ஒரு சிறு செய்தியும் உண்டு. அம்மக்கள் தேங்காய்ச் சிரட்டையில் இரு முழ நீளக் கைப்பிடி பொருத்திக் கிணற்று நீரை மொண்டனராம். கிணறுகள் அத்துணை ஆழமற்றவை.

அந்நாட்டின் இயற்கை முழுவதும் இந்தச் சிரட்டைக்குள் அடங்கும் எனலாம். அங்கே மலையில்லை, ஆறில்லை. ஏறக்குறைய 1,190 பவளத் தீவுகள். நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரமும் இல்லாதது. ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கைத் தருவது மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. மணலில் இறங்கும் மழைநீர், எடை குறைந்ததாதலின், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. அளவாய் மொண்டால் மழை அதை மீண்டும் நிரப்பும். அளவு மீறினால் உப்பு மேலெழும். கையால் மொள்ளும் சிரட்டை அந்த அளவைக் காத்தது.

அந்நிலை மாறிற்று. தலைநகர் மாலேயில் மக்கள் பெருகி, நிலத்தடி நீர் குடிக்க உதவாததாயிற்று. 1987 ஏப்ரலில் பேரலைகள் அந்நகருள் புகுந்தன. அல் அஸ்ஹரில் பயின்ற அதிபர் மஃமூன் அப்துல் கையூம் அவ்வாண்டு அக்டோபரிலேயே ஐ.நா. பொதுச்சபையில் தம் நாட்டுக்கு நேரவிருக்கும் ஆபத்தை எடுத்துரைத்தார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பல தீவுகளின் கிணறுகளை உவராக்கியது. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பற்றியபோது, இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் குடிநீர் அனுப்ப நேர்ந்தது.

மாலேயின் கிணறுகள் கெட்டதில் அந்நகரத்தாருக்கும் பங்குண்டு. ஆனால், உலகைச் சூடேற்றிக் கடலை உயர்த்தும் புகையில் அத்தீவினரின் பங்கு மிகச் சொற்பம். பெரிய நாடுகளின் ஆலைகளும் ஊர்திகளும் எரித்ததன் விளைவு, சிரட்டையால் மொண்டு வாழ்ந்தவர்களின் வாயிலுக்கு வந்திருக்கிறது. வரலாறு படிக்கும் நாம் இதனை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுதல் நேர்மையாகாது.