இடிபாடுகளிடையே எழுந்த சங்கம்

1985 செப்ரெம்பர் 19ஆம் நாட் காலை மெக்சிக்கோ நகரைத் தாக்கிய புவிநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. பண்டைய ஏரிப்படுகையின் மென்மண் மீது அந்நகர் அமைந்துள்ளமையால் அதிர்வு பன்மடங்காயிற்று. அரசு தடுமாறி நின்றவேளை அயலவரும் மாணவரும் தொழிலாளரும் வெறுங்கைகளாலேயே இடிபாடுகளை அகழ்ந்து உயிர்களை மீட்டனர்.

சான் அந்தோனியோ அபாத் பகுதியிலே ஆடைத் தொழிற்சாலைகள் சரிந்து தையற் பெண்கள் பலர் புதையுண்டனர். முதலாளிமார் சிலரோ தொழிலாளரை விடுத்து இயந்திரங்களை மீட்பதிலேயே முனைந்தனர். தப்பிய பெண்கள் நட்டஈடு கோரித் தெருவிலே கூடினர். மீட்புப் பணியாற்றிய மக்கள் அவர்க்குத் துணைநின்றனர். அடுத்த மாதமே 'செப்ரெம்பர் 19' என்னும் பெயருடன் அவர்தம் தொழிற்சங்கம் பதிவுபெற்றது.

கல்லகற்றிய கைகளே உரிமை கோரியும் உயர்ந்தமையால், அந்நிவாரணப் பணி மெக்சிக்கோவின் மக்களியக்க வரலாற்றிலும் இடம்பெறலாயிற்று.