விசில் அடங்கிய கருவி

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்குக் கீழே, வத்திராயிருப்பு வயற்காட்டுப் பக்கம் மெட்டல் டிடெக்டர் என்றால் ஒருகாலத்தில் அது பாதி ரேடியோ. ஒரு பழைய டிரான்சிஸ்டர் செட், ஒரு கம்பு, கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் செம்புக்கம்பிச் சுருள், அதை ஓட்ட ஒற்றை டிரான்சிஸ்டர் வைத்த சின்ன சர்க்யூட். அவ்வளவுதான். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்களும் பாலிடெக்னிக் பையன்களும் கையாலேயே கட்டிக்கொண்டார்கள். களத்தில் தோட்டுத் திருகாணி விழுந்துவிட்டதா, பம்புசெட்டின் இரும்புக் குழாய் மண்ணுக்குள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிய வேண்டுமா, அவர்களுக்குத்தான் ஆள் போகும். அந்தக் கருவி இப்போது இல்லை. முறையாக ஒரு இரங்கல்கூட அதற்கு யாரும் எழுதவில்லை.

அது வேலை செய்த விதத்தைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். சுருளின் சர்க்யூட் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை அதிர்ந்து ஒரு அலையை வெளியே விடும். ரேடியோவில் திருநெல்வேலி வானொலியை வைத்தால் அங்கிருந்து வருவதும் ஒரு அலை. நாயனக்காரர் ஒத்தோடு சுருதி சேர்ப்பதுபோல, சுருளின் அலையை நிலையத்தின் அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஸ்பீக்கரில் 'ஊய்' என்று விசிலாகக் கேட்கும். சுருளுக்கடியில் உலோகம் வந்தால் அதன் அலை இம்மியளவு நகரும். அந்த இம்மி போதும், விசில் ஏறும் அல்லது இறங்கும்.

நிலையத்தின் அலையையே அளவுகோலாக வைத்திருந்ததால் இந்தக் கருவிக்கு வானொலி நேரம்தான் வேலை நேரம். நிலையத்தார் ஒலிபரப்பை முடித்துக்கொண்டால் இங்கே விசிலும் நின்றுபோகும். கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த ஒலிபரப்பு தொடங்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வசதிப்பட்டவர்கள் நிலையத்துக்குப் பதிலாக அலை விட இன்னொரு சர்க்யூட்டையும் பெட்டிக்குள் வைத்து அந்தத் தொல்லையைத் தீர்த்துக்கொண்டார்கள். உலகமெங்கும் விற்ற பழைய டிடெக்டர்களில் பல இந்த இரட்டை அலைக் கணக்கில் ஓடியவைதான்.

சுருள் சுற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. எனாமல் பூசிய கம்பியைச் சுற்றி, இன்சுலேஷன் டேப் போட்டு இறுக்கி, அதன்மேல் அலுமினியத் தாளைச் சுற்றுவார்கள். முடிக்கும் இடத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளி விட வேண்டும். தாளின் இரண்டு முனையும் தொட்டுவிட்டால் அதுவே மூடிய வளையமாகிச் சுருளின் சக்தியைக் குடித்துவிடும். தாளே இல்லாவிட்டால் ஈரப்புல் பட்டாலே விசில் தாவும். இதை எந்தப் பாடப்புத்தகமும் இப்படிச் சொல்லித்தந்ததில்லை. ஒருவர் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் காது. ஆணி, கொழு முனை மாதிரியான இரும்பு வந்தால் சுருளின் அதிர்வு குறையும். செம்பு, பித்தளை, வெள்ளி, தங்கம் வந்தால் கூடும். ஒன்றுக்கு விசில் இறங்கினால் மற்றதற்கு ஏறும். அகலமான தகரம் மட்டும் இரும்பாக இருந்துகொண்டே செம்பைப்போலப் பாசாங்கு செய்யும். வெயில் ஏற ஏறச் சுருள் சூடாகி, ஒன்றுமே இல்லாத இடத்திலும் விசில் நகர்ந்துகொண்டே போகும். "அண்ணாச்சி, சத்தம் மாறுதே?" என்று பக்கத்தில் நிற்பவர் பதறுவார். "அது வெயிலுய்யா, பொறு" என்று சொல்ல அனுபவம் வேண்டும். வெயில் மாற்றிய சுருதி எது, வெள்ளி மாற்றிய சுருதி எது என்று பிரித்துச் சொல்லும் காது எளிதில் வாய்க்காது.

மெட்டல் டிடெக்டர்களின் வரலாறே கேட்பதில்தான் தொடங்குகிறது. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேட, டெலிபோன் கண்ட கிரகாம் பெல் ஒரு கருவியோடு போய், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையின் இரும்புச் சுருள்கள் குழப்பின; மருத்துவரும் வலப்பக்கத்தை மட்டுமே தேட விட்டார். இரண்டாம் உலகப் போரில் போலந்துக்காரரான யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த டிடெக்டர் ஏறக்குறைய 14 கிலோ கனம். 1942-இல் எகிப்தின் எல் அலமைனில் பாலைவனக் கண்ணிவெடிகளுக்கு நடுவே படைக்கு வழி திறந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. அதற்குக் காப்புரிமை கேட்காமல் அவர் பிரிட்டிஷ் படைக்குக் கொடுத்துவிட்டார்.

1970-களில் வேறு வகைக் கருவிகள் வந்தன. இன்ன உலோகத்தை மட்டும் சொல், இரும்பை விட்டுவிடு என்று கட்டளையிட முடிந்தது. இப்போதைய கருவியில் திரை இருக்கிறது. மண்ணுக்குள் இருப்பதற்கு ஒரு எண் கொடுக்கிறது, ஆழத்தையும் காட்டுகிறது. நாணயத்தை நாலு விரற்கடைக்குக் கீழே கேட்கத் திணறிய பழையதைவிட இது பல மடங்கு ஆழம் போகும். வெயிலுக்கு அசையாது. ஆனால் சுருளைப் பிசின் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். கெட்டால் எங்கள் ஊர் மெக்கானிக் அதைத் திறக்க முடியாது, வேறு வாங்க வேண்டும். எது இரும்பு, எது வெள்ளி என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் மனிதனிடமிருந்து பெட்டிக்குப் போய்விட்டது. எனக்கு வருத்தம் இந்த இரண்டிலும்தான்.

பழையதன் ஆழமின்மையில் ஒரு நன்மையும் இருந்தது. மலையடிவாரத்து ஊர்களில் புதையல் பேச்சு ஓய்வதே இல்லை. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். பழைய கருவி புதையல் ஆசைக்காரர்களுக்கு ஆணியையும் லாடத்தையும் தவிர அதிகம் கொடுத்ததில்லை. ஆழம் போகும் கருவியை வைத்துக்கொண்டு பழைய மேட்டைக் கிளறுகிறவர், ஒரு காசுக்காகக் கீழடி மாதிரி அடுக்கடுக்காகப் படிக்க வேண்டிய மண்ணையே அழித்துவிட முடியும். அந்த அச்சம் எனக்கு உண்டு.

இதற்காகப் பழையதே வேண்டும் என்று கேட்க மாட்டேன். 2021-இல் எங்கள் மலைப்பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் சில புலிகள் காப்பகங்களில் சருகுக்கடியில் மறைத்த இரும்புப் பொறியையும் கம்பிக் கண்ணியையும் இன்று டிடெக்டர் கொண்டு தேடுகிறார்கள். அந்த வேலைக்குப் பழைய கருவி லாயக்குப்படாது. இலங்கையின் வன்னியில் மிதிவெடி அகற்றுவது அதைவிடக் கடுமையான காரியம். மிதிவெடியில் உலோகம் சில சமயம் மிகச் சொற்பம்தான், மற்றதெல்லாம் பிளாஸ்டிக். பழைய விசிலை நம்பி அங்கே கால் வைத்தால் உயிர் போகும்.

ஆனாலும் முகமாலையிலும் அதையொட்டிய மண்ணிலும் மிதிவெடி அகற்றும் தமிழ்ப் பெண்கள் திரையின் எண்ணைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதில்லை. இரும்பை ஒதுக்கிவிடு என்று கருவிக்குக் கட்டளையிடவும் முடியாது. எந்தச் சத்தத்தையும் விடக் கூடாது என்பது அங்கே விதி. முழந்தாளிட்டு, சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காதால் அளந்து, குறியிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டு வருவார்கள். துருப்பிடித்த ஆணி வரும், தோட்டாக் கூடு வரும். அடுத்த சத்தத்துக்கும் அதே போலத்தான் தோண்ட வேண்டும்.