பத்திரத்தோடு போன பிள்ளைகள்

1999 பிப்ரவரி 18 அன்று புளியந்தோப்பில் ஒரு தாய், இடுப்பிலிருந்த ஆண் குழந்தையைத் தெருப் பம்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். பம்புக்கும் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் குழந்தை இல்லை. ஆட்டோவில் இழுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று போலீஸ் பல வருடம் கழித்துச் சொன்னது.

அப்போது நான் தண்டையார்பேட்டையில் பால்வாடி டீச்சர். சத்துமாவு உருண்டை, எடை போடும் தராசு, வருகைப் பதிவேடு இவற்றோடுதான் என் காலம் போனது. காணாமல் போன குழந்தையைப் பற்றிய பேச்சு வந்தாலே வெளியாட்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: அம்மாக்காரி என்ன செய்துகொண்டிருந்தாள்? அந்தக் கேள்விக்கு நான் இந்தக் கட்டுரையில் பதில் சொல்லியாக வேண்டும்.

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, திருவொற்றியூர் என்று எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெட்டி, பாத்திரம், பாய் வைக்கும் இடம். குளிப்பது, துவைப்பது, மீன் ஆய்வது, தலை பின்னுவது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது எல்லாம் தெருவில். ஒரு குழந்தையைத் தெருவில் விடுவது என்றால் பத்துப் பெண்களின் கண்ணில் விடுவது. "ஆயா, புள்ளயப் பாத்துக்க" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். 1996இல் பின்னி மில் கதவு மூடியதும் புளியந்தோப்பு, பட்டாளம், பெரம்பூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆண் சம்பளம் நின்றது. வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் கிளம்பிய பெண்கள் அதிகமானார்கள். காசிமேட்டில் ஏலத்துக்குப் போகிற பெண் விடியுமுன்னே எழுந்து போக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் வளர்ந்தது தெருவின் காவலில்தான். அந்தக் காவல் பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. தொலைந்த பிள்ளையை அடுத்த தெருவிலிருந்து யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள்.

அந்தக் காவலை உடைக்க ஆட்டோவும் பணமும் ஓர் ஆபீசும் தேவைப்பட்டன.

புளியந்தோப்புக் குழந்தையின் தகப்பன் பெயின்டர். மகனைத் தேடி தென்னிந்தியா முழுக்க அலைந்தார். அப்பா அம்மா விட்டுப்போன இரண்டு குடிசைகளை அந்தச் செலவுக்காகவே விற்றார். தேடியது அவர் ஒருவர்தான். இதை எழுதும்போது எனக்கு இன்னொரு தேடல் நினைவுக்கு வருகிறது. 1969 ஜூனில் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலையில் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த 6 வயதுப் பையன் ஒருவன் காணாமல் போனான். தேடும் கூட்டம் பெருகிப் பெருகி ஒரு கட்டத்தில் சுமார் 1,400 பேர் காட்டைச் சலித்தார்கள். ராணுவ வீரர்கள் வந்தார்கள், ஹெலிகாப்டர் வந்தது. பையன் கிடைக்கவே இல்லை, இன்றுவரை விடையும் இல்லை. அந்தப் பெற்றோரின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மலையில் தொலைந்த பிள்ளைக்காக ஒரு நாடே எழுந்து வந்தது. எங்கள் தெருவில் தொலைந்த பிள்ளைக்கு ஒரு பெயின்டரும், அவர் கையில் ஒரு போட்டோவும்.

அந்தப் பெயின்டரின் வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது. 1998இல் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பெண் குழந்தையை ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். 1999 அக்டோபரில் புளியந்தோப்பில், இரவில் பெற்றோர் பக்கத்தில் படுத்துத் தூங்கிய ஆண் குழந்தை விடியும்போது இல்லை. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் பிளாட்பாரத்தில் படுக்கிற பெண்கள் முந்தானையைக் குழந்தையின் காலோடு முடிந்துகொண்டு தூங்குவதை நான் கண்டிருக்கிறேன். பால்வாடியில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "முழிச்சிக்கினேதான் தூங்கறேன் டீச்சர். அது புரண்டா எனக்குத் தெரியணும்."

2005இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. அதுவும் யாரும் தேடிக் கண்டுபிடித்ததால் அல்ல. கூட்டமான ஒரு மதுக்கடையில் இரண்டு பேர் குழந்தை கடத்தியது பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டார்கள், அது போலீஸ் காதுக்கு எட்டியது. விசாரணை திருவேற்காட்டில் இயங்கிய மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற காப்பகத்தில் போய் நின்றது. ஒரு குழந்தைக்கு 10,000 ரூபாய் அளவில் கைமாறியதாகப் பிடிபட்டவர்கள் சொன்னார்கள். 1991 முதல் 2003 வரை அந்தக் காப்பகம் குறைந்தது 165 குழந்தைகளை வெளிநாட்டுத் தத்துக்கு அனுப்பியிருந்தது. அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா. அந்த 165 பேரும் திருடப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலரை ஏழைத் தாய்மார் அழுதுகொண்டே ஒப்படைத்தும் இருப்பார்கள். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனதுதான் இதில் பெரிய கொடுமை. வழக்கு பின்னர் சி.பி.ஐ.யிடம் போனது.

குழந்தையை ஒளித்து வைத்து இருட்டில் படகேற்றவில்லை. பகலில், கையெழுத்தோடு, முத்திரையோடு விமானம் ஏற்றினார்கள். அந்த நாளில் வெளிநாட்டார் இந்தியக் குழந்தையைக் கூட்டிப் போக 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் கீழ் கோர்ட் உத்தரவு வேண்டும். 1984இல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி, இந்தத் தத்து விஷயத்தில் வியாபாரம் புகுந்துவிடக் கூடாது என்றே விரிவான நெறிமுறைகளை வகுத்தார். பெற்றவர்கள் மனமொத்து ஒப்படைத்தார்கள் என்பதற்குப் பத்திரம் வேண்டும், முதலில் உள்நாட்டில் வளர்ப்புப் பெற்றோரைத் தேட வேண்டும், வேறொரு அமைப்பு சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. 1990இல் மத்திய அரசு இதற்கென்றே காரா என்ற அமைப்பைத் தொடங்கியது. எல்லாமே நல்ல எண்ணத்தில் வந்தவை. திருடர்கள் அவற்றைத் தாண்டிக் குதிக்கவில்லை. ஒவ்வொரு படியையும் பொய்க் காகிதத்தால் நிரப்பினார்கள். போலித் தாய் ஒருத்தி பேரில் ஒப்படைப்புப் பத்திரம், குழந்தைக்குப் புதுப் பெயர், புதுப் பிறந்த நாள். பெயின்டரின் மகனுக்குப் பதிவேட்டில் வேறு மதத்துப் பெயரே வைத்துவிட்டார்கள். குடும்பம் ஸ்டேஷனில் கொடுத்த புகார் ஓர் அலமாரியில். அதே பிள்ளையின் போட்டோ ஒட்டிய கோப்பு இன்னோர் அலமாரியில். இரண்டும் ஒரே நகரத்தில். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லாமல் போனது.

பதிவேடு எழுதியே பிழைத்தவள் நான். ஒரு குழந்தை இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, காரணம் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எடை கால் கிலோ குறைந்தால்கூடக் கேள்வி வரும். அப்படி ஒரு அரசாங்கத்தில், பிள்ளையே குறைந்தபோது கேள்வி வராதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து பழைய மதராஸ் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். எச். டி. லவ் 1913இல் கோட்டை ஆவணங்களை வைத்து மூன்று தொகுதியாக எழுதியிருக்கிறார். எங்கள் கடற்கரை பிள்ளை இழந்த கதை அதில் 300 வருடத்துக்கு முன்பே இருக்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, பஞ்சம் வந்தபோதெல்லாம் மனிதரை வாங்கி பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மதராஸ் ஆங்கிலேயரும் அதில் சளைத்தவர்கள் இல்லை. 1687இல் எலிஹு யேல் கவர்னராக உட்கார்ந்த வருடம் கடும் பஞ்சம். தானியம் இல்லாததால் பெற்றவர்களே பிள்ளைகளை விற்றார்கள். விற்காதவர்களின் பிள்ளைகளைத் திருடினார்கள். அந்த வருடம் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறினார்கள். ஐரோப்பா போகிற ஒவ்வொரு கப்பலும் செயின்ட் ஹெலினா தீவுக்குப் பத்து அடிமைகளாவது கொண்டுபோக வேண்டும் என்று விதி. இதற்கும் ஆபீஸ் உண்டு. அடிமை விற்பனையைச் சாவடியில் பதிய வேண்டும். கப்பலேற்ற தலைக்கு ஒரு பகோடா நாணயம் சுங்கம். சுங்கம் கட்டியாகிவிட்டால் சரக்கு நியாயமான சரக்கு. அது எங்கே பிடித்த பிள்ளை, யார் பெற்ற பிள்ளை என்று சாவடி கேட்ட மாதிரி தெரியவில்லை.

1688இல் கோட்டைக் கவுன்சில் இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. தடைக்கு அவர்கள் எழுதி வைத்த காரணங்களில் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊரார் பிள்ளைகளை ஆசை காட்டியும் திருடியும் கொண்டு போகிறார்கள் என்று நாட்டு அரசிடமிருந்து புகார் மேல் புகார், அதனால் தொல்லை. இரக்கம் வந்து நிறுத்தியதில்லை அது. முகலாய ஆட்சி தெற்கே இறங்கிவந்த காலம், பகை வேண்டாம் என்ற கணக்கு. ஆனாலும் அந்த வரிக்குப் பின்னால் யாரோ தாய்மார் யாரோ ஒரு அதிகாரியின் வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். ஒருத்தி பெயரும் ஆவணத்தில் இல்லை. அவர்கள் கத்தியதால்தான் கப்பல் நின்றது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளை பிடிக்கிறவன் என்றால் எங்கள் பக்கத்தில் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற அழுக்கு மனிதன். நானும் அவனைச் சொல்லிப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டிருக்கிறேன். அந்த உருவம் எத்தனை அநியாயம் செய்தது என்பது 2018 மே மாதத்தில் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறதாம். திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தில் ஒரு 65 வயது அம்மா ஒரு குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் செத்துப் போனார். அதே வாரம் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஊர் பேர் தெரியாத ஒருவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். டச்சுக்காரர் மனிதரைக் கப்பலேற்றிய அதே ஊர். செத்த இருவரும் எந்தப் பிள்ளையையும் தொடவில்லை. நிஜமாகவே பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் சலவை மடிப்புக் கலையாத சட்டையில், கையில் கோப்போடு, கோர்ட்டுக்கும் விமான நிலையத்துக்கும் போய் வந்தவர்கள். அவர்களை எந்தத் தெருவும் நிறுத்தியதில்லை. பயந்த தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். அடித்தவர்களை மன்னிக்கவும் மாட்டேன்.

முதலில் சொன்ன அந்த மூன்று பிள்ளைகளும் எங்கே போனார்கள் என்பதைப் போலீஸ் கோப்புகளும் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்து சொன்னார்கள். வண்ணாரப்பேட்டைப் பெண் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு. 2008இல் டைம் பத்திரிகை அதை எழுதியது. பம்படிப் பையன் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றுக்கு. சென்னையிலேயே தங்கி இதைத் துரத்திய பத்திரிகையாளர் ஸ்காட் கார்னி, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, 2009இல் மதர் ஜோன்ஸ் இதழில் எழுதினார். அங்கே வளர்த்த பெற்றோருக்கும் இடி விழுந்த மாதிரிதான் இருந்திருக்கும். அவர்கள் காசு கொடுத்தது ஆதரவற்ற குழந்தைக்கு என்று நம்பித்தான். தூக்கத்தில் பறிபோன பையன் நெதர்லாந்துக்கு. அவனைப் பெற்றவர்கள் 2010இல் அங்கேயே போய் கோர்ட்டில் டி.என்.ஏ. பரிசோதனை கேட்டார்கள். பையனின் நலனுக்கு அது உகந்ததல்ல என்று கோர்ட் மறுத்துவிட்டது. புளியந்தோப்பிலிருந்து போன ஒரு பெண் குளிர்நாட்டில் ஒரு கோர்ட் படியேறினாள், கிடைத்தது அந்த வார்த்தைதான். ஒரு துளி ரத்தம். உண்டா இல்லையா என்று அத்தோடு முடிந்திருக்கும்.

அதன் பிறகு சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், பிள்ளையைக் காணவில்லை என்று வரும் ஒவ்வொரு புகாருக்கும் உடனே முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், கடத்தல் என்று வைத்தே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்றது. அதற்கு முன், "எங்கனா ஆட்டத்துல இருக்கும்மா, சாயங்காலம் வந்துடும்" என்று ஸ்டேஷன் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பெண்களோடு நான் துணைக்குப் போயிருக்கிறேன். இன்று அப்படி அனுப்பினால் கேட்க ஒரு உத்தரவு இருக்கிறது. நெதர்லாந்து அரசும், பழைய வெளிநாட்டுத் தத்துகளில் முறைகேடு மலிந்திருந்தது என்று ஒரு குழு அறிக்கை கொடுத்ததும் 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. 2024இல் படிப்படியாக முற்றிலும் கைவிட முடிவெடுத்தது.

என் கோரிக்கை ஒன்றுதான். 1991 முதல் 2003 வரை அந்தக் காப்பகம் அனுப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் கோர்ட்டில் ஒரு கோப்பு இருக்க வேண்டும், போட்டோவோடு, ஒப்படைப்புப் பத்திரத்தோடு. அதே வருடங்களில் வடசென்னை ஸ்டேஷன்களில் பதிவான காணாமல் போன குழந்தைகளின் புகார்களை அவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாவடிக் காலத்து அடிமைப் பதிவேட்டில் தாயின் பெயர் இல்லை, இந்தக் கோப்புகளில் பொய்ப் பெயராவது இருக்கிறது. ஒப்படைத்த தாய் என்று கையெழுத்துப் போட்டவள் யார் என்று கேட்டாலே எத்தனையோ பத்திரங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

பிள்ளைகள் பக்கமிருந்தும் வழி இருக்கிறது. 1999இல் நடை பழகிக்கொண்டிருந்தவர்கள் இப்போது இருபத்தைந்து வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் நலன் எது என்று இனி எந்தக் கோர்ட்டும் அவர்களுக்காக முடிவு செய்ய முடியாது. இந்தியாவின் இன்றைய தத்து விதிகளில், தத்துப் போன பிள்ளை 18 வயதைத் தாண்டிவிட்டால் தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம், வளர்த்தவர்களின் கையெழுத்து தேவையில்லை. விண்ணப்பம் டெல்லியில் காராவுக்குப் போகும். பெற்றவர்களின் புகார் புளியந்தோப்பிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருக்கிறது.