மன்பகதூரின் பாதங்கள்

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை ஒரே பார்வையில் முழுசாகப் பார்த்துவிட முடியாது. படுத்திருக்கும் உடலுக்கு மூன்று வாசல்கள். முகத்துக்கு ஒன்று, உந்திக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை விலக்கப்பட்ட சாதிகளுக்கு அந்தப் பாத வாசல்கூட இல்லை.

அதே 1936-ல் 'ஆஃப்டர் எவரெஸ்ட்' என்றொரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் எங்களுக்குப் பக்கத்து நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்ட் சோமர்வெல். "காலு கறுத்தாச்சுன்னா பச்சிலை வச்சுக்கிட்டு இருக்காதே, நெய்யூருக்குக் கொண்டு போ" என்பார் எங்க பாட்டா. அந்த நெய்யூர்தான்.

1922 எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவு ஏழு சுமைக்காரர்களைக் கொண்டுபோனது. செத்த ஏழு பேரில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லையே என்ற குற்றவுணர்வைச் சோமர்வெல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றியபோதுதான் நெய்யூரைப் பார்த்தார், அங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்தார். 1924-ல் மறுபடியும் மலைக்குப் போனார். ஜூன் 4, சுமார் 28,000 அடி. இறங்கும்போது மூச்சு அடைத்தது. பனியில் உட்கார்ந்துவிட்டார், சாவு என்றே நினைத்தார். கடைசியாக நெஞ்சை இரு கையாலும் அமுக்கி ஒரு இருமல். உறைந்து செத்துப்போயிருந்த குரல்வளையின் உள்சவ்வு கழன்று வெளியே வந்து விழுந்தது. மலையேற்றம் பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் கதையை விடுவதில்லை.

அதே பயணத்தில் இன்னொரு உடலிலும் சதை செத்தது. மன்பகதூர், செருப்புத் தைக்கிறவர். மற்றவர்களின் பூட்ஸைப் பழுதுபார்க்கக் கூட்டிப்போன ஆள். கணுக்கால்வரை இரண்டு பாதமும் உறைந்து அந்த மே மாதத்திலேயே செத்தார். வரலாறு அவருக்குக் கொடுத்தது ஒன்றிரண்டு வரி. அடிவார முகாமில் எழுப்பிய நினைவுக் கல்லில் மாலரி, இர்வின் பெயர்களோடு மன்பகதூர் பெயரும் செதுக்கப்பட்டது உண்மை. ஆனால் தன் தொண்டையைப் பற்றித் தானே எழுத ஒருவருக்கு வாய்த்தது, தன் பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மற்றவருக்கு வாய்க்கவில்லை.

குளிரில் என்னதான் நடக்கிறது? நெஞ்சின் சூட்டைக் காப்பாற்ற உடல் கைகால் விரல்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. திசுவில் பனிப்படிகம் விழுகிறது, குழாய்ச் சுவர் கிழிபடுகிறது. திரும்பச் சூடேறும்போது சின்னச் சின்னக் குழாய்களுக்குள் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாத சதை கறுத்துச் சாகிறது. உயரத்தில் ரத்தம் தடித்துப்போயிருப்பதும் இதோடு சேரும்.

மையத்தைக் காக்க விளிம்பைப் பலிகொடுக்கிறது உடல் என்று இதை ஒரு உருவகமாக எடுத்துக்கொள்ள எழுதுகிற யாருக்கும் கை துறுதுறுக்கும். தொண்ணூறுகளில் என்றால் நானே எழுதியிருப்பேன். இப்போது அதில் ஒரு ஆபத்து தெரிகிறது. சூத்திரனைப் பாதத்திலிருந்து பிறப்பித்த புருஷசூக்தமும் உடலை வைத்துத்தானே பேசியது? உடல் அப்படித்தான் இயங்குகிறது என்று சொன்ன மாத்திரத்தில் சமூகத்தின் குற்றம் இயற்கையாகிவிடுகிறது. குழாய்களைச் சுருக்கியது மன்பகதூரின் உடல்தான். அவரைச் சம்பளத்துக்கு அந்தக் குளிரில் கொண்டுபோய் நிறுத்தியது அவர் உடல் அல்ல. சோமர்வெல் நல்ல மனுஷன் என்பதாலும் இந்தக் கணக்கு நேராவதில்லை. 1922-ன் குற்றவுணர்வோடுதானே 1924-லும் ஏறினார்?

உறைந்த விரல்களை வெட்டாமல் காப்பாற்ற, குழாய்களை விரித்து ரத்தம் கட்டாமல் தடுக்கும் இலோப்ரோஸ்ட் மருந்துக்கு அமெரிக்கா 2024 பிப்ரவரியில்தான் அனுமதி கொடுத்தது. மன்பகதூருக்குப் பிறகு நூறு வருஷம்.

எங்கள் பக்கம் பனி இல்லை. இங்கே கால் கறுப்பது பெரும்பாலும் சர்க்கரையால். குழாய் சுருங்கி அடைபடுகிறது, நரம்பும் மரத்துப்போகிறது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவருக்கு முள் குத்தினாலும் தெரிவதில்லை. விரல் கறுத்த பிறகும் அவர் சொல்வது ஒன்றுதான்: "வலி ஒண்ணும் இல்லியே."